வேலை போன ஊர்

ஒரு சமூகம் நிலைகுலையும்போது அதன் காரணத்தை மக்களின் குணத்திலேயே தேடுவது பழைய வழக்கம். வேலையிழந்தவனைச் சோம்பேறி என்பர் சிலர். தலைவிதி என்பர் வேறு சிலர். சமூகவியலோ இவ்விரண்டையும் ஆராயாமல் ஏற்பதில்லை. ஒரு கொள்கையைக் கொண்டு ஊருக்குள் புகுந்து, கண்டவற்றை அளந்து, அக்கொள்கையையே அது சோதிக்கின்றது. இதற்குத் தக்க சான்று ஆஸ்திரியாவிலுள்ள மரியன்தால்.

வியன்னாவுக்கு அருகிலுள்ள இச்சிற்றூர் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. தொழிலாளர் குடியிருப்பும் ஆலைக்குரியதே. 1929-இல் தளர்ந்த ஆலை 1930-இல் மூடப்பட்டது. 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு வேலையற்றோர் உதவித்தொகையை நம்பி நின்றன.

1931-இல் மேரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் ஆராய்ச்சிக் குழுவினர் அவ்வூரை ஆராயத் தொடங்கினர். அவர்கள் வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை. உடை வழங்கியும் தையல் வகுப்பு நடத்தியும் மக்களுக்குப் பயன்பட்டுக்கொண்டே ஆராய்ந்தனர். வீட்டில் உண்ட உணவு, பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச் சென்ற உணவு, வீதியில் நடப்போரின் வேகம் யாவற்றையும் குறித்தனர்.

வறுமை முற்றினால் மக்கள் கிளர்ந்தெழுவர் என்பது அந்நாளைய நம்பிக்கைகளுள் ஒன்று. ஓய்வு மிகுந்தால் அறிவு வளரும் என்பது மற்றொன்று. மரியன்தாலில் இரண்டும் பொய்த்தன. நூல்நிலையத்தில் கட்டணம் இல்லாதிருந்தும், 1929-க்கும் 1931-க்கும் இடையே இரவல் சென்ற நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. ஆடவர் பலர் கடிகாரம் அணிவதை விட்டனர். வீதியில் நின்று நின்று நடந்தனர். பெண்களுக்கோ ஊதியம் போயிற்றேயன்றி வேலை போகவில்லை. அடுப்பும் குழந்தையும் காத்திருந்தமையால் அவர்கள் விரைந்தே நடந்தனர். இவையெல்லாம் 1933-இல் நூலாக வெளிவந்தன.

இதனால் நாம் அறிவது யாது? தொழில் தருவது கூலி மட்டுமன்று. நாளுக்கோர் ஒழுங்கையும், கூடிவாழும் உறவையும், நாளையைப் பற்றிய எண்ணத்தையும் அது தருகின்றது. அது போனால் இவையும் உடன் போகின்றன.

வேலை, வீடு, பள்ளி, கோயில் யாவும் ஒரே முதலாளியின் நிலத்தில் அமையப்பெற்ற தோட்டத் தமிழருக்கு இஃது அயலூர்க் கதையன்று. மலாயாவில் 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதினார். தோட்டம் கைமாறியபோது வேலையோடு வீட்டையும் இழந்தோர் பலர்.

ஆதலின், தோட்டத்தைவிட்டு நகருக்கு வந்த இளைஞன் திசையறியாது நிற்பதைக் காணின், அவனை ஏசுமுன் அவன் இழந்தவை எவை என எண்ணிப் பார்ப்போமாக. நோயறியாமல் மருந்திடுவது அறிவுடைமையாகாது.