தங்கம் தேடிய சுரங்கத்தில் மூட்டு வைத்தியம்

ஆஸ்திரியாவின் காஸ்டைன் பள்ளத்தாக்கில், ராட்ஹவுஸ்பெர்க் மலையை 1940-இல் குடையத் தொடங்கியது தங்கத்துக்காகத்தான். கட்டுப்படியாகும் அளவுக்குத் தங்கம் அகப்படவில்லை. உள்ளே போகப் போக அனல்தான் அடித்தது. கூடவே பிசுபிசுக்கும் ஈரமும், பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயுவும்.

ஆனால் அங்கே பாடுபட்ட தொழிலாளர்கள் சிலர், நெடுநாள் மூட்டுவலி தணிந்ததாகச் சொன்னார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள், 1950-களின் தொடக்கத்தில் சுரங்கம் சிகிச்சைக்கூடமானது.

வந்தவர்களில் பலர் முதுகெலும்பு அழற்சிக்காரர்கள். விடிந்ததும் முதுகு பலகையாக விறைத்திருக்கும். செருப்பு மாட்டக் குனிவதே பெரும்பாடு. ஓய்வெடுத்தால் இறுக்கம் கூடும், நடமாடினால் இளகும். அப்படிப்பட்டவர்கள் சிறு ரயிலில் மலைக்குள் போய், நீச்சலுடையோடு வரிசைக் கட்டில்களில் படுத்து, 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வியர்த்துக் கொட்டுவார்கள்.

குணம் தருவது வெப்பமா, ரேடானா என்ற வாதம் ஓயவில்லை. ரேடான் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் கதிரியக்க வாயு என்பதால், எச்சரிக்கைக் குரல்களும் உண்டு. 2000-க்குப் பின் முதுகெலும்பு அழற்சிக்கு, டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுத்து அழற்சியையே அடக்கும் ஊசிகள் வந்தன. ஆனாலும் சுரங்க ரயில் நிற்கவில்லை.