டிரைவர் இல்லாத வண்டி: பூட்லோடரின் சின்ன வரலாறு

நண்பர்களே, நான் படிப்பது பி.காம். கணினி பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் விண்டோஸும் உண்டு, பாஸ் லினக்ஸும் உண்டு. பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட நம்மூர் லினக்ஸ். போடி ஏலக்காய் வியாபாரம் பற்றிய ப்ராஜெக்டுக்கு மூன்று வாரம் அலைந்து சேர்த்த கணக்கெல்லாம் லினக்ஸ் பக்கம்தான் இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் பழைய க்ரப் மெனுவை அழித்துவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று ரீஃபைண்டைப் போட்டேன். மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ் மட்டும் நிற்கிறது. பென்குவினைக் காணோம்! விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தால், லினக்ஸ் இருந்த பகுதியை "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. தெரிந்தவர் ஒருவரும் "டிஸ்க் போச்சு தம்பி, ஃபார்மேட் பண்ணிடு" என்றார். நல்லவேளை, கை வரவில்லை.

விஷயம் இதுதான். லினக்ஸ் கோப்புகள் ஈஎக்ஸ்டி4 என்ற முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்த டிரைவரும் அந்த லினக்ஸுக்குள்தான் இருக்கிறது. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே! அப்படியானால் லினக்ஸை எழுப்புகிறவன் எப்படி உள்ளே போவான்? பூட்லோடரின் வரலாறே இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான்.

முதல் பதில், 1992-ல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ. அதற்குக் கோப்பு முறை எதுவும் தெரியாது. கெர்னல் வட்டில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். லெட்ஜரில் பெயரைத் தேடாமல் பக்க எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வது மாதிரி. கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் கதை கந்தல்.

இரண்டாவது பதில், 1995-ல் எரிக் போலின் தொடங்கிய க்ரப். இது கோப்பு முறையைப் படிக்கும் சின்ன நிரலைத் தானே சுமந்து வரும். பெயரைச் சொன்னால் தேடி எடுக்கும். ஆனால் கோப்பு முறை மாறும்போது இதுவும் மாற வேண்டும். 2008-ல் ஈஎக்ஸ்டி வகை வட்டுகளில் ஐநோடின் வழக்கமான அளவு 128 பைட்டிலிருந்து 256 ஆனது. பழைய க்ரப் திணறியது. 2023-ல் ஈஎக்ஸ்டி4-ல் ஒரு புது அம்சம் தானாகவே சேர்ந்து வரத் தொடங்கியது. க்ரப் 2.06 அந்த வட்டைப் பார்த்து "தெரியாத கோப்பு முறை" என்றது.

நம்ம ரயில் கதைதான். 2010 இறுதியில் மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதையை நிறுத்தினார்கள். அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. ஊர் எங்கேயும் போகவில்லை. ஆனால் பழைய மீட்டர் கேஜ் பெட்டி புதுத் தண்டவாளத்தில் ஓடுமா?

மூன்றாவது பதில், பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ. எல்லாருக்கும் பொதுவாக ஃபேட் என்ற எளிய முறையில் ஒரு சின்னப் பகுதி இருக்கட்டும், பூட்லோடர்கள் அங்கே குடியிருக்கட்டும் என்று முடிவானது. ரோடரிக் ஸ்மித் 2012-ல் வெளியிட்ட ரீஃபைண்டும் அங்கேதான் இருக்கிறது. ஃபேட்டைத் தாண்டி ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்க அதற்குத் தனி டிரைவர் கோப்பு வேண்டும்.

என் தப்பு அங்கேதான். ரீஃபைண்டின் முக்கியக் கோப்பை மட்டும் காப்பி செய்தேன். பக்கத்திலிருந்த டிரைவர்கள் ஃபோல்டரை "இது எதுக்கு" என்று விட்டுவிட்டேன். அந்த ஃபோல்டரையே, உள்ளிருந்த ஈஎக்ஸ்டி4 டிரைவரோடு, ரீஃபைண்ட் இருக்கும் இடத்தில் போட்டு மறுபடி ஆன் செய்தேன். பென்குவின் வந்து நின்றது! ஏலக்காய்க் கணக்கும் பத்திரம்.

ஆகவே நண்பர்களே, பூட்லோடரை மாற்றிய பிறகு லினக்ஸ் தெரியவில்லை என்றால் முதலில் டிரைவரைத் தேடுங்கள். படிக்கத் தெரியாதவன் "ஏட்டில் ஒன்றுமே இல்லை" என்று சொன்னால், ஏட்டைக் கொளுத்திவிடுவோமா?