மணிக்கணக்கும் மாதக்கணக்கும்

பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் எடுத்த பிள்ளை மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ ஒரு வீட்டில் இருந்தால், என்றாவது இரண்டு பேச்சு எழும்: பைலட் படிப்பு, கப்பல் படிப்பு. இரண்டுமே வெளிநாட்டுச் சம்பளம் என்பது ஊர்க் கணக்கு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமானம் பறக்கிற வட்டாரத்தில் இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் படித்து முடித்த கையோடு வெளிநாட்டில் முதல் வேலை தேடும்போது இருவருக்கும் கிடைக்கிற வரவேற்பு ஒன்றல்ல.

கப்பலுக்குப் போகிறவனுக்கு முதல் வேலையே பெரும்பாலும் வெளிநாட்டு வேலைதான். டி.என்.எஸ். என்கிற ஓராண்டுப் படிப்பு, பிறகு பதினெட்டு மாதம் சீ டைம் என்கிற கப்பல் பயிற்சி, அதன்பின் செகண்ட் மேட் என்கிற இளநிலை அதிகாரித் தேர்வு. அவன் ஏறுகிற கப்பலின் முதலாளி கிரேக்கராக இருக்கலாம், கொடி பனாமாவுடையதாக இருக்கலாம், நிர்வாகம் சிங்கப்பூரில் நடக்கலாம். பயிற்சியில் இருக்கும் கேடட்டுக்கு சி.டி.சி. என்கிற மாலுமிப் பதிவுப் புத்தகமும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றுகளும் இருந்தால் போதும். பின்னாளில் அதிகாரியானாலும், இந்தியா தந்த தகுதிச் சான்றின் மேல், கப்பலைப் பதிவு செய்த கொடி நாடு ஓர் ஒப்புதல் எழுதித் தந்துவிடும். தன் கொடியை வாடகைக்கு விடுகிற நாட்டுக்கு மாலுமி எந்த ஊர் என்பதில் அக்கறை இல்லை.

விமானத்துக்கு அப்படி வாடகைக் கொடி எளிதில் கிடைக்காது. 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் 32ஆவது பிரிவுப்படி, பன்னாட்டு வழியில் பறக்கும் விமானத்தின் பைலட்டிடம் அந்த விமானத்தைப் பதிவு செய்த நாடு தந்த உரிமமோ அது ஏற்றுக்கொண்ட உரிமமோ இருக்க வேண்டும். அதற்கு மேல் வேலை அனுமதி வேறு. இந்தியாவில் 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். என்கிற வணிக விமானி உரிமம் வாங்கியவருக்காக அத்தனை தாள்களையும் சுமக்க எந்த நிறுவனம் முன்வரும்? அவர்கள் நாட்டிலேயே 200 மணி நேரக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் படித்தால் அங்கேயே வேலை என்று நம்பிப் போகிறவர்களும் உண்டு. அங்கே 250 மணி நேரத்தில் சி.பி.எல். வரும். ஆனால் 2009இல் பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்த பிறகு சட்டம் இறுகியது. 2013 முதல், சில விலக்குகள் போக, துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும். இடைவெளியை அமெரிக்கர் பயிற்றுநராக வேலை பார்த்து நிரப்பிக்கொள்வார். நம் பிள்ளைக்கு விசா தரும் தவணைக்குள் அது முடிவதில்லை. திரும்பி வந்து, இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வெழுதி உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. போட்ஸ்வானாவின் மாவுன் ஊரில், ஒக்கவாங்கோ சுற்றுலாப் பயணிகளைச் சின்ன செஸ்னாக்களில் கொண்டுபோகும் வேலைக்குக் குறைந்த மணி நேரக்காரர்களும் போய்ச் சேர்கிறார்கள். இந்தோனேசியாவின் சூசி ஏர் பல ஆண்டுகளாக வெளிநாட்டு இளம் பைலட்டுகளை எடுத்தது. அதே நிறுவனத்துக்குப் பறந்த நியூசிலாந்து பைலட் ஒருவர் 2023 பிப்ரவரியில் பப்புவாவில் கிளர்ச்சியாளர்களிடம் பிணையாகச் சிக்கி, 2024 செப்டம்பரில்தான் விடுதலையானார். கடலிலும் கொள்ளையர் உண்டு, மறுக்கவில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது காத்திருப்பு. கப்பல் அதிகாரியின் தகுதிச் சான்று ஐந்தாண்டு செல்லும். பைலட்டின் உரிமம் தாளில் பத்தாண்டு என்றாலும், கருவிகளை நம்பிப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை. வேலை இல்லாத ஆண்டிலும் செலவு நிற்காது. குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கைச் சொந்தக் காசில் முடித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் கதை தனி. கப்பலிலோ, வேலைக்கு அனுப்ப மாலுமியிடம் ஏஜென்ட் பணம் வாங்கவே கூடாது என்பது சட்டம். வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இங்கேதான் டெல்டாக்காரனுக்கு இன்னொரு முடிச்சு. சி.பி.எல். செலவு அரைக் கோடியைத் தொடும். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். நம்மிடம் இருப்பது நஞ்சை. வேளாண் நிலத்தை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் தொடாது. நீதிமன்றம் போகாமல் விரைவாக வசூலிக்கும் வழி அடைபடுவதால், வங்கி மேலாளர் வயலை விட்டுவிட்டு வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார். பத்து ஏக்கர் இருந்தும் கடைசியில் கூரை அடமானமாகிறது.

இந்தியாவில் பைலட் பஞ்சம் என்று செய்தி வருகிறதே என்பார்கள். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500க்கும் ஆர்டர் அறிவித்தது உண்மை. அதே ஆண்டு டி.ஜி.சி.ஏ. தந்த சி.பி.எல். உரிமங்களும் 1,600க்கு மேல். பஞ்சம் கேப்டன்களுக்கு, புதியவர்களுக்கு அல்ல. ஆனாலும் உள்நாட்டு நிறுவனத்தில் துணை விமானியாக ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் வழி திறக்கும். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் என்பது உச்சவரம்பு, ஆகவே இரண்டு மூன்று ஆண்டில் 1,500ஐத் தாண்டி, கேப்டனாகத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமம் பெறலாம். கேப்டன் அனுபவமும் சேர்ந்தால் வளைகுடா நிறுவனங்கள் தாங்களாகவே அழைக்கும்.

அதற்காகக் கப்பல் படிப்பைப் பத்திரமானது என்றும் சொல்ல மாட்டேன். சேரும்போதே கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் கடிதம் இல்லாத கேடட், மும்பையில் ஏஜென்ட் அலுவலகங்களின் படியேறி வருடங்களைத் தொலைக்கிறான். அவனுடைய பதினெட்டு மாதமும் தொடங்குவதில்லை. அவன் வீட்டில் போனது சில லட்சம், வீட்டுப் பத்திரம் இன்னும் பீரோவில் இருக்கிறது.