சாஸ்திரி பவனில் பத்து மாதங்கள்: கெய்ர்ன்–வேதாந்தா பங்கு விற்பனை, 2010–2011

2010 ஆகஸ்ட் 16 அன்று, எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட கெய்ர்ன் எனர்ஜி, தன் இந்திய நிறுவனமான கெய்ர்ன் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்குகளை வேதாந்தா குழுமத்துக்கு விற்கவிருப்பதாக அறிவித்தது. உச்சபட்ச மதிப்பு 960 கோடி டாலர். அதன் பங்குதாரர்கள் அக்டோபரிலேயே இசைவு தந்துவிட்டனர். டெல்லியின் இசைவுக்கோ 2011 ஜூன் 30 வரை காத்திருக்க நேர்ந்தது. இதைச் சிவப்புநாடாவின் கதையாகப் படிப்பது எளிது. ஆனால் அந்தத் தாமதத்துக்குள் ஒரு பேரம் நடந்தது.

பேரத்தின் வேர் 1995இல் கையெழுத்தான உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ராஜஸ்தானின் பார்மர் பாலைநிலத்தில் எண்ணெய் தேட அந்நிய முதலீட்டை ஈர்க்கும் பொருட்டு, ராயல்டி முழுவதையும் உரிமம் பெற்ற அரசு நிறுவனமான ஓஎன்ஜிசியே செலுத்தும் என்று வகுக்கப்பட்டது. 2004இல் மங்களா எண்ணெய் வயல் கண்டறியப்பட்டு, 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியதும் இந்த ஏற்பாட்டின் விலை புலப்பட்டது. கெய்ர்ன் இந்தியாவின் பங்கு 70 விழுக்காடு, ஓஎன்ஜிசியின் பங்கு 30 விழுக்காடு. ராயல்டியோ நூறு விழுக்காடும் ஓஎன்ஜிசியின் தலையில் விழுந்தது.

விற்பனை அறிவிப்பு, இந்த ஏற்பாட்டைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை டெல்லிக்கு அளித்தது. கைமாறுவது நிறுவனத்தின் பங்குகளே, எண்ணெய் வயல் அன்று. ஆகவே அரசின் முன்னிசைவு எதற்கு என்பது கெய்ர்னின் தொடக்க வாதம். கட்டுப்பாடு கைமாறினால் முன்னிசைவு வேண்டும் என்றது பெட்ரோலிய அமைச்சகம். நவம்பரில் கெய்ர்ன் முறைப்படி விண்ணப்பித்தது. ஜனவரியில் முரளி தியோராவுக்குப் பதிலாக ஜெய்பால் ரெட்டி அமைச்சரானார். ஏப்ரலில் இவ்விவகாரம் பிரணாப் முகர்ஜி தலைமையிலான அமைச்சர்கள் குழுவுக்குச் சென்றது.

இங்கே அரசு வெறும் ஒழுங்காற்றுநர் அன்று. ஓஎன்ஜிசியின் பெரும்பான்மைப் பங்குதாரரும் அதுவே. இசைவு வழங்கும் கையும் ஆதாயம் கோரும் கையும் ஒரே உடலுக்கு உரியவை.

எதிர்ப்புறத்தில், விற்பனைத் தொகையை எதிர்நோக்கிய எடின்பரோ பங்குதாரர்களுக்குக் காலம் கரைந்துகொண்டிருந்தது. காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஜூன் இறுதியில், போட்டியிடாமைக்கென ஒரு பங்குக்குக் கூடுதலாகப் பேசப்பட்டிருந்த 50 ரூபாய் கைவிடப்பட்டு, விலை 405 ரூபாயிலிருந்து 355 ரூபாயாகக் குறைந்தது. சில நாள்களில் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு இரு நிபந்தனைகளுடன் இசைவளித்தது: ராயல்டியை வயலின் வருவாயிலிருந்து முதலில் கழிக்கப்படும் செலவாகக் கெய்ர்ன் இந்தியா ஏற்க வேண்டும், செஸ் வரியை எதிர்த்துத் தொடுத்த நடுவர் வழக்கைத் திரும்பப் பெற வேண்டும்.

இந்த நிபந்தனைகளின் சுமை யார்மீது விழுந்தது? விற்பவருக்கு 355 ரூபாய் உறுதி. லாபம் குறைந்தது கெய்ர்ன் இந்தியாவுக்கு; அதாவது, அதில் தொடர்ந்து பங்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களுக்கும். ஏப்ரலில் வேதாந்தா அவர்களிடமும் 355 ரூபாய்க்கு வாங்க முன்வந்தது உண்மை. ஆனால் அப்போது நிபந்தனைகள் இறுதியாகியிருக்கவில்லை. செப்டம்பரில் அஞ்சல் வாக்கெடுப்பில் நிபந்தனைகள் ஏற்கப்பட்டன. விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்த நிலையில் வேறு முடிவுக்கு இடமிருக்கவில்லை. 2011 டிசம்பர் 8 அன்று விற்பனை நிறைவுற்றது. அடுத்த ஆண்டு கெய்ர்ன் எனர்ஜி தன் பங்குதாரர்களுக்கு 350 கோடி டாலரைத் திருப்பியளித்தது.

1995 ஏற்பாடு ஓஎன்ஜிசிக்குப் பாதகமானது என்பதில் ஐயமில்லை. அதைத் திருத்தக் கோரியதும் நியாயமே. ஆயின் ஒப்பந்தத்தைத் திறந்து பேசித் திருத்துவதும், வேறொரு விற்பனைக்கான இசைவை நிறுத்திவைத்துத் திருத்துவதும் ஒன்றல்ல. பின்னதில் பேரம் பேசும் மேசையில் மூன்று பெரும் பங்குதாரர்களுக்கு இருக்கை இருந்தது: எடின்பரோ, வேதாந்தா, இந்திய அரசு. ‘பங்குதாரர் அழுத்தம்’ என்று பொருளியல் ஆய்வுகள் ஒருமையில் எழுதும்போது, அந்த மேசையில் இடம் பெறாத நான்காமவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்.