இரும்புக்கும் களைப்பு உண்டு

1842 மே 8. வெர்சாய் அரண்மனையில் விழா பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய கூட்டத்தால் ரயில் நிரம்பி வழிந்தது. வழியில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பிடித்தன. கதவுகளோ வெளியே பூட்டியிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகைச் சுற்றிவந்த கடலோடி துய்மோன் துர்வில்லும் குடும்பத்தோடு பலியானார்.

நல்ல இரும்பு திடீரென ஏன் ஒடிந்தது? அதிர்ந்து அதிர்ந்து இரும்பு படிகமாக மாறிவிடுகிறது என்று அன்றைய பொறியாளர் பலர் நம்பினார்கள். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் தவறு. அச்சின் தடிமன் மாறும் இடத்தில் ஒரு விரிசல் பிறந்து மெல்ல உள்ளே வளர்கிறது என்றார் ராங்கின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர்.

கணக்குப் போட்டுக் காட்டியவர் பிரஷ்ய ரயில்வேயின் ஆகஸ்ட் வோலர். பாரம் ஏற்றி வளைந்த நிலையில் அச்சைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் எந்திரத்தை அவர் செய்தார். சுற்றுகள் லட்சக்கணக்கில் ஓடின, சலிக்காமல் எண்ணினார். சுமை கூடினால் ஆயுள் குறைந்தது. ஒரு வரம்புக்குக் கீழே இரும்பு முறியவே இல்லை. கம்பியை வளைத்து நிமிர்த்தி ஒடிக்கும் சிறுவனுக்குத் தெரிந்த வித்தைதான். எத்தனை தடவை என்பதை வோலர் சொன்னார். 1870இல் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்.

ஆனாலும் 1954இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் விழுந்தன. அதே ரக விமானம் ஒன்றை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். பறந்ததும் தொட்டியில் கழித்ததுமாக 3,057 பயணங்களில் உலோகம் இதேபோல் களைத்து அதன் உடல் பிளந்தது.