தறிக்கூலியும் ஜீவனாம்சமும்

ஆரணியில் நெய்யப்படும் பட்டுச்சேலை ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மேற்பட்டோரின் உழைப்பு அடங்கியிருப்பதை நாம் அறிவோம். தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் பெரும்பாலும் கணவர். தார் சுற்றுவதும் பாவு பிணைக்கத் துணைநிற்பதும் மனைவி. ஆயினும் பட்டு முதலாளியின் கணக்கு நோட்டிலும் கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பதிவேட்டிலும் வழக்கமாக ஒருவர் பெயரே இருக்கும். இல்லறம் இனிது நடக்கும்வரை இது எவருக்கும் குறையாகத் தோன்றுவதில்லை. அது பிளவுபட்டு, மனைவி தாய்வீடு சேர்ந்து, ஒரு வழக்கறிஞரை நாடிச் செல்லும் நாளில்தான் அதன் விளைவு புலப்படுகிறது. கணவரின் வருமானத்திற்கு ஆதாரம் என்ன என்பதே அவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று.

இக்கேள்வி முதன்மை பெறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. கிறிஸ்தவர்களுக்கென 1869-இல் இயற்றப்பட்ட மணமுறிவுச் சட்டம் வருமானத்தைவிடப் பாவத்தையே பெரிதும் விசாரித்தது. மனைவியின் விபசாரம் ஒன்றை மெய்ப்பித்தாலே கணவன் மணமுறிவு பெறலாம். மனைவியோ, சில கொடிய குற்றங்கள் நீங்கலாக, கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ ஈராண்டுக் கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அடிபட்டவள் என்பது மட்டும் போதாது. ஆகவே அக்கால வழக்கறிஞர் மருத்துவச் சான்றைத் தேடியதோடு, கணவன் வேறொருத்தியோடு வாழ்ந்ததற்குச் சாட்சிகளையும் தேடினார். அண்டை வீட்டார் கூண்டிலேறிச் சொல்லத் தயங்கும் செய்தி அது. மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், சென்னை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதனை உறுதிசெய்ய வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்கு வழங்கும் தொகையும் கணவனின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

இச்சட்டத்திற்கு முன்மாதிரியாக நின்ற இங்கிலாந்து, 1923-இலேயே கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அளவுகோலை வகுத்துவிட்டது. நம் நாட்டிலோ 1983-இல் சட்ட ஆணையம் தன் 90-ஆம் அறிக்கையில் திருத்தம் வேண்டுமென்றது. 1995-இல் கேரள உயர்நீதிமன்றம், கொடுமைக்கும் கைவிடலுக்கும் ஆளான மனைவியிடம் விபசாரத்தையும் மெய்ப்பிக்கச் சொல்வது சமத்துவத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. 2001-இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கொடுமை தனிக் காரணமாயிற்று. ஐந்தில் ஒரு பங்கு என்னும் வரம்பும், உயர்நீதிமன்ற உறுதிப்பாடும் நீங்கின. 132 ஆண்டுகள்! இத்தாமதத்தை மன்னிப்பது எளிதன்று.

மணமுறிவை நாடாத மனைவிக்கு வேறொரு வழி முன்பே இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பராமரிப்புப் பிரிவு மதம் பாராது எல்லோர்க்கும் உரியது. திருமணப் பிணைப்பைக் கலைக்காமலே சோறும் துணியும் கேட்க அது இடந்தந்தது. பிணைப்பு நிலைத்திருக்கப் பிரிந்து வாழ்வதைத் திருஅவைச் சட்டமும் தக்க காரணங்களுக்காக ஏற்கிறது. ஆதலால் கத்தோலிக்கப் பெண்ணுக்கு இவ்வழியில் மனச்சான்றின் உறுத்தல் வேண்டியதில்லை. எனினும் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கணவன் வசிக்கும் ஊரிலோ இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலோதான் மனுச் செய்ய முடியும். வேற்றூரில் வாழ்க்கைப்பட்டு ஆரணிக்குத் திரும்பிய பெண், வாய்தாதோறும் அவ்வூருக்கே பயணப்பட்டாள். 1973-இன் புதிய சட்டமே அவள் வாழும் ஊரில் மனுச் செய்ய வழிவகுத்தது. தொகைக்கு வரம்பும் இருந்தது: 1955-இல் மாதம் 500 ரூபாய் என வைத்தது, விலைவாசி எங்கோ ஏறிய பின்னும் 2001 வரை அசையவில்லை. இப்போது 2024 ஜூலை முதல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவே இதற்குரியது.

இன்று வழக்கறிஞர் திரட்டும் தாள்களைப் பார்ப்போம். திருமணத்திற்குப் பங்கின் திருமணப் பதிவேட்டு நகல். பிள்ளைகளின் வயதுக்குப் பிறப்புச் சான்று, அது இல்லையேல் திருமுழுக்குச் சான்று. பிரிந்த நாள், பிரிந்த காரணம், அதற்குச் சாட்சி. பின்னர் வருமானம். மாதச் சம்பளக்காரர் எனில் ஒரு தாள் போதும். நெசவாளருக்கோ சங்கப் பதிவேடு, வங்கிக் கணக்கு, முதலாளியிடம் பெற்ற முன்பணம், சொந்தத் தறிகளின் எண்ணிக்கை, ஒரு பாவுக்குரிய கூலி என ஒவ்வொன்றாய்க் கோக்க வேண்டும். 2020 நவம்பர் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வகையில் பெருந்துணை: இருதரப்பும் தம் வரவு, செலவு, சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும், ஜீவனாம்சமும் மனுச் செய்த நாள் முதலே கணக்கிடப்படும். வாய்தா வாங்கி நாட்கடத்துவோர்க்கு இதனால் ஆதாயம் குறைந்தது. தார் சுற்ற ஆளின்றி என் வருமானம் குறைந்துவிட்டது என்று கணவர் கூறினால், தேர்ந்த வழக்கறிஞர் அதனை மறுக்கமாட்டார். அக்கூலியில் மனைவியின் பங்கு இருந்ததற்கு அதையே ஒப்புதலாகக் கொள்வார்.

நம் பங்குகளின் பெரியோர் இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். பூசலைத் தீர்க்கும் நல்லெண்ணத்தோடு, ‘இருவரும் மனமொப்பிப் பிரிந்து வாழ்கிறோம்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்குவது நம்மிடையே உண்டு. மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு இப்பிரிவின்கீழ்ப் பராமரிப்புக் கோர உரிமையில்லை என்பது சட்டம். அடிதாங்காமல் வெளியேறியவள், எழுதிய சொற்களின் பொருளறியாமல் இட்ட கையொப்பமே பின்னர் எதிர்த்தரப்பின் முதற் சான்றாகிவிடக்கூடும். பஞ்சாயத்துத் தாள் எழுதுமுன், அவளை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்புவது தகும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி வழங்க 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்துள்ளது.