தைல மரம் வந்த கதை

போன வருஷம் நம் சந்திப்பில் மதியச் சாப்பாடு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, சங்கத்தின் நினைவாகக் கல்லூரியில் ஒரு மரம் வைக்கலாமே என்று பேச்சு வந்தது. "தைல மரம்தான் வைக்கணும். அந்த வாசனை வந்தாலே ஹாஸ்டல் ஞாபகம் வந்துடும்" என்றார் ஒரு நண்பர். உடனே இன்னொருவர் எழுந்தே விட்டார். "அது தண்ணியைக் குடிச்சே ஊரைக் காய வெச்சிடும்யா!" வரலாறு படித்தவன் என்பதற்காக இருவரும் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா" என்றார்கள். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்த மரம் நம் நாட்டுக்குத் தோட்டத்து மரமாகத்தான் வந்தது. 1790 வாக்கில் திப்பு சுல்தான் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைத் தோட்டத்தில் இதை வளர்த்தார் என்பார்கள். நம் மாநிலத்தில் கால் வைத்தது 1843-ல், நீலகிரியில். கொண்டுவந்தவர் கேப்டன் காட்டன். ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் குளிருக்கு விறகு எரித்து எரித்து, சுற்றியிருந்த சோலைக் காடுகளைத் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. எனவே 1856 முதல் விறகுக்கென்றே இந்த மரத்தைத் தோப்புத் தோப்பாக நட்டனர். இலையைக் காய்ச்சி வடித்த எண்ணெய்க்கு மலையின் பேரே ஒட்டிக்கொண்டு நீலகிரித் தைலம் ஆயிற்று. புதுக்கோட்டைப் பக்கம் போனால் மரத்தையே 'ஆர்.எஸ்.பதி மரம்' என்பார்கள். தைலப் புட்டியில் இருந்த கம்பெனிப் பெயர் மரத்துக்குப் போய்விட்டது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று திட்டுகிறோமே, அந்தத் தண்ணீர் குடிக்கும் குணத்தைத்தான் அன்று உலகமே புகழ்ந்தது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று நம்பிய காலத்தில், ஈரத்தை உறிஞ்சட்டும் என்று ரோமாபுரிக்கு அருகில் மடத்துத் துறவிகள்கூட இதை நட்டார்கள். 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்ட பிறகுதான் கெட்ட காற்றுக் கதை முடிந்தது.

சமவெளிக்கு வந்த கதை வேறு. 1950, 60-களில் 'மைசூர் கம்' என்ற வகை தென்னாட்டில் ஏக்கர் கணக்கில் பரவியது. காகிதத்துக்கும் ரேயானுக்கும் மரக்கூழ் வேண்டியிருந்தது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து தானே துளிர்க்கும், ஆடு மாடு தின்னாது, காவல் வேண்டாம்; வெளியூரில் வேலை பார்க்கிற நிலச்சொந்தக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? கூலி வேலை போனவர்களும் மேய்ச்சல் நிலம் போனவர்களும்தான் முதலில் குரல் எழுப்பினார்கள். 1983-ல் கர்நாடகத்தின் தும்கூர்ப் பக்கத்து விவசாயிகள் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தனர். 2017-ல் அந்த மாநில அரசே புதிதாக நடுவதற்குத் தடை போட்டது.

அப்படியானால் எழுந்து நின்ற நண்பர் சொன்னது சரிதானே என்பீர்கள். பாதி சரி. கர்நாடகத்தில் நடந்த ஆராய்ச்சியில், ஆழமான மண்ணுள்ள இடத்தில் இளந்தோப்புகள் பெய்த மழையைவிட அதிகத் தண்ணீரைச் செலவழித்ததைக் கண்டார்கள். வேர் கீழே போய்ப் பழைய சேமிப்பை எடுத்திருக்கிறது. ஆழம் குறைந்த மண்ணிலோ நாட்டுக் காட்டு மரங்கள் எடுத்த அளவுதான் இதுவும் எடுத்தது. ஆக, கேள்வி எந்த மரம் என்பது மட்டுமில்லை. எங்கே, எத்தனை என்பதும்தான்.

நான் கூரத்துக்காரன். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊர்ச் செப்பேடு 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால் வெட்டிப் பரமேசுவர தடாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை அது சொல்கிறது. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் தனித்தனி வாரியம் என்பதைக் கவனியுங்கள். என் அபிப்பிராயமும் அதுதான். ஏரி உள்வாயிலும் கரையிலும் வரத்துக்காலிலும் தைல மரம் கூடவே கூடாது. தோட்டத்தில் அழகுக்கு ஒன்று நின்றால் ஏரி வற்றிவிடாது.

வைப்பதென்றால் எலுமிச்சை வாசனை அடிக்கும் வகையை வையுங்கள். வழவழவென்று வெளுத்த அடிமரம், பார்க்கக் கண்கொள்ளாது. (1995-ல் இதை யூகலிப்டஸ் இனத்திலிருந்து பிரித்து 'கொரிம்பியா' என்று வேறு பெயர் சூட்டிவிட்டார்கள். வாசனை மாறவில்லை!) பெரிய கன்று வாங்காதீர்கள். பையில் நாளானால் வேர் சுருண்டுகொள்ளும், பிறகு காற்றுக்கு நிற்காது. முழங்கால் உயரக் கன்று போதும். இளங்கன்றுக்குக் கரையான்தான் எமன். குழியில் வேப்பம் புண்ணாக்கு போடணும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டால் போதும். பட்டை உரிவது நோயில்லை, அதன் சுபாவம். கிளை தானாக முறிந்து விழக்கூடிய மரம் என்பதால் கட்டடம், கம்பி வழி, பிள்ளைகள் உட்காரும் இடம் எல்லாவற்றுக்கும் தள்ளியே நிற்கட்டும். உதிர்ந்த இலையைக் கூட்டிவிடணும், எண்ணெய்ச் சத்தினால் சட்டென்று தீப்பிடிக்கும். அதன் அடியில் பூச்செடி போட்டு ஏமாறாதீர்கள்.

விளையாட்டு மைதானத்தின் மேற்கு மூலை எனக்குச் சரியாகப் படுகிறது. கிணறு எதிர்க்கோடியில் இருக்கிறது. இதையெல்லாம் எழுதி இரு நண்பர்களுக்கும் அனுப்பினேன். எதிர்த்தவரிடமிருந்து கார்டு வந்தது. "ஒன்றே ஒன்று என்றால் சம்மதம். ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எடுத்து வையுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற நானே வருகிறேன், எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கணும்."